ஏழாவது நிமிடம்

மேல்மலைக் குரல் தோட்டத்தில் முதல் கோடு விழுந்தது ரெஜினாவின் இலையில்தான்.

அபிநயா அதை நின்ற வாக்கிலேயே பார்த்துவிட்டாள். பதினொன்றாம் பாத்தி, தெற்கு ஓரம், இடுப்புயரத் தண்டில் மேலிருந்து நான்காவது இலை. கிள்ளாமல் இரண்டு விரலால் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்தாள். நரம்புகளை ஒட்டி வெளுத்த கோடுகள் நீளவாக்கில் ஓடின. நடுநடுவே சலவைப் பொடி தெறித்த துணிபோல மஞ்சள் திட்டுகள். உரம் போதாவிட்டால் இலை ஒரேசீராக வெளுக்கும். தண்ணீர் அதிகமானால் அடியிலைகள் பழுத்து விழும். இது இரண்டுமில்லை.

“என்னம்மா, அவளையே ரொம்ப நேரமாப் பாத்துட்டிருக்க?”

ரெஜினாவின் கணவர் பெனடிக்ட். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்துவிடுவார். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், அறுபத்தைந்து வயது. பாத்தி ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து வாரம் முழுக்க நடந்ததைச் செடியிடம் ஒப்பிப்பார். செடிக்குக் காது கிடையாதே என்று யாராவது சொன்னால், “இருந்தப்ப மட்டும் காது குடுத்துக் கேட்டாளாக்கும்” என்பார்.

“கொஞ்சம் எந்திரிச்சுத் தள்ளி நில்லுங்கண்ணே. செடியத் தொடாதீங்க.”

“ஏன், திட்டுவாளா?”

அபிநயா சோதனைப் பட்டை எடுத்துவர உள்ளே போனாள்.

பின்னால் வருகிறவர்களுக்கு இது கட்டுக்கதைபோலத் தோன்றலாம். அதனால் சொல்லிவிட வேண்டும். கணினிகள் இறந்தவர்களின் குரலில் பேசக் கற்றுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. செத்துப்போன கணவன் தொலைபேசியில் கூப்பிட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னான். புதைத்து மூன்று மாதமான மகள் வாசற்கதவைத் திறக்கச் சொல்லி அழுதாள். நிறையப் பேர் திறந்தார்கள். அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. இறந்தவர் குரலை எந்தக் கருவியிலும் வைத்திருக்கக் கூடாது, உயிருள்ள ஒன்றில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். உயிருள்ளது அவசரத்துக்கு நகலாகாது. அதற்கு மண்ணும் மழையும் ஒரு பருவமும் வேண்டும்.

லில்லியைத் தேர்ந்தெடுத்தது அழகுக்காக அல்ல, இடவசதிக்காக. மனிதனுடையதைப்போலப் பத்து மடங்கு நீளமான மரபுச்சரம் அதற்கு. பன்னிரண்டு ஜோடிக் குரோமோசோம்களாகச் சுருண்டு கிடக்கும். ஜோடியில் ஒன்றில் மட்டும் எழுதுவார்கள்; ஜோடிக்கு ஒரு நிமிடம் என்று ஓர் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம். சாகும் முன் பேசிவைத்துவிட வேண்டும். பிறகு வீட்டார் நகத்தளவு இலையைக் கொண்டுவந்து வாசிப்பறையில் கொடுத்தால், இயந்திரம் முக்கால் மணி நேரம் முனகிவிட்டுக் காதில் அந்தக் குரலைப் பேசவைக்கும். ஒரு தடவை பேசியதும் தன்னிடமிருந்து அழித்துவிடும். வருடத்துக்கு நான்கு முறைதான் அனுமதி.

கீழே சமவெளி வெயிலில் லில்லி தங்காது. அதனால் கொடைக்கானலுக்கு மேலே, பூண்டு வயல்களுக்கு நடுவில் வலை கட்டி இந்தத் தோட்டத்தைப் போட்டார்கள். அறுபத்து நான்கு பாத்திகள், அறுபத்து நான்கு பேர். பார்த்துக்கொள்பவள் அபிநயா. முன்பு கொய்மலர்ப் பண்ணையில் மேற்பார்வை பார்த்தவள். வாசலை ஒட்டிய முதல் பாத்தி அவள் மகன் நித்திலனுடையது.

இலைத் துண்டைச் சின்னப் பையில் போட்டு, மருந்துநீர் விட்டு, கட்டைவிரலால் நசுக்கிப் பட்டையை அதில் நட்டுவைத்தாள். பெனடிக்ட் குனிந்து பார்த்தார்.

“புள்ள உண்டாயிருக்கான்னு பாக்குறது மாதிரியே இருக்கே.”

“அதே மாதிரிதாண்ணே. ஒரு கோடு வந்தா ஒண்ணுமில்ல.”

“ரெண்டு வந்தா?”

இரண்டு வந்தது.

“வைரஸ்,” என்றாள். “பூச்சிக்கு மருந்து இருக்கு. பூஞ்சைக்கு இருக்கு. செடிக்கு வைரஸ் வந்தா ஒண்ணுமே கெடையாது. எலையில தெரியுதுன்னா கெழங்கு வரைக்கும் எறங்கிருச்சுன்னு அர்த்தம்.”

“அவ பேச்சு?”

“பேச்சத் தொடாது. அது அப்படியேதான் இருக்கும். செடிதான் ரெண்டு மூணு வருசத்துல குறுகிக் குறுகிப் போயிரும்.”

“அப்ப ரெண்டு வருசம் இருக்குல்ல. இருந்துட்டுப் போறா.”

“இங்க இருந்தா எல்லாருக்கும் பரவிரும்ணே. அசுவினிப் பூச்சி ஒண்ணு இவங்ககிட்ட மூக்க வச்சு உறிஞ்சிட்டு அடுத்த செடியில போய் உக்காந்தாப் போதும்.”

பெனடிக்ட் தலையைச் சொறிந்தார். வழி தேடும் ஓட்டுநரின் முகம் அது.

“நுனியக் கிள்ளிக் கண்ணாடிக் குடுவையில வளத்தா வைரஸ் போயிருமாமே. எங்கயோ படிச்சேன்.”

“வெறும் பூச்செடிக்குப் பண்ணலாம். குரல் செடிக்குப் பூட்டுப் போட்டிருக்காங்க. குடுவையில வளத்தா பேச்சு அழிஞ்சிரும். யாரும் ஆயிரக்கணக்குல நகலெடுக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே சொல்லிச் செஞ்சது.”

“போன வருசம் பல்லு பிரிச்சோமே?”

மேல்மலைக்காரர்கள் பூண்டு போடுகிறவர்கள். லில்லிக் கிழங்கும் பூண்டைப்போலவே அடுக்கடுக்காகப் பிரியும். அதனால் அவர்கள் வாயில் அதுவும் பல்தான். முதல் வருட நினைவுநாளில் கிழங்கைத் தோண்டி, பல் பிரித்து, நெருங்கிய சொந்தங்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுப்பது இந்த மலையில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கொடுத்த பல் முளைத்தால் அதிலும் அதே குரல் இருக்கும். ரெஜினாவுக்கு ஐந்து பல் பிரித்தார்கள். மூன்று திண்டுக்கல்லுக்குப் போய் வெயிலில் அழுகின. இரண்டு அவள் தங்கை வீட்டுத் தொட்டியில் இருந்தன.

“அதையும் சோதிக்கணும்ணே.”

இரண்டு நாள் கழித்துச் சோதித்ததில் அங்கேயும் இரண்டிரண்டு கோடுகள். பெனடிக்ட் அவள் குரலைக் கடைசியாக ஒருமுறை வாசிப்பறையில் கேட்டுவிட்டு வந்தார்.

அபிநயா மண்வெட்டியும் கறுப்புப் பையும் எடுத்துவரப் போன நேரத்தில் அவர் செடியோடு தனியாக இருந்தார். திரும்பி வந்தபோது சட்டைப்பையில் எதையோ செருகிக்கொண்டிருந்தார். கண்ணாடியாக இருக்கும் என்று நினைத்தாள். வேரைச் சுற்றி ஒரு சாண் மண்ணோடு பெயர்த்துப் பையில் போட்டுக் கட்டினாள். பின்பக்கம் தகர டிரம்மில் தீ தயாராக இருந்தது.

“குடு, நானே தூக்கிட்டு வர்றேன்.” நாலு எட்டு வைத்துவிட்டு நின்றார். “பெட்டியத் தூக்கினப்ப நாலு பேரு இருந்தோம். அதான் கனம் தெரியல.”

ஈரக் கிழங்கு எரிய நேரமாகியது. வெங்காயம் வதக்குவதுபோல ஒரு வாசனை வந்தது. அதுதான் அபிநயாவால் பிற்பாடு தாங்க முடியாமல் போனது.

*

பதினேழாம் பாத்தி. பிறகு நாலு. பிறகு ஐம்பத்திரண்டு.

அபிநயா தெரிந்ததையெல்லாம் செய்தாள். பாத்திக்கு நாலு மஞ்சள் ஒட்டு அட்டை தொங்கவிட்டாள். வாரம் தவறாமல் வேப்பெண்ணெய் அடித்தாள். கிழிந்த வலையைத் தைத்தாள். பூண்டு வயல் பக்கமிருந்து வரும் காற்றைக்கூடச் சந்தேகப்பட்டாள். காலையில் வெயில் சரிவாக விழும் ஒரு மணி நேரம், ஒவ்வொரு இலையாகத் தூக்கிப் பார்ப்பாள். கோடு தெரிந்த இடத்தில் குச்சி நடுவாள். குச்சியைப் பார்த்ததும் அந்த வீட்டார் அழத் தொடங்கிவிடுவார்கள்.

ஊர் ஊராக இருக்கவில்லை. ஒரு பெண் தன் அப்பாவின் கிழங்கை முந்தானையில் மறைத்து எடுத்துப்போய்க் கட்டிலுக்கடியில் வாளியில் வைத்திருந்தாள். கண்டுபிடித்து வாங்கும்போது அபிநயாவின் கையைக் கடித்துவிட்டாள். கோயில்காரர்கள் வேதக்காரர்களைச் சொன்னார்கள், அவர்கள்தான் கல்லறைத் திருநாளுக்குக் கண்ட கண்ட பூவை உள்ளே கொண்டுவந்தார்கள் என்று. வேதக்காரர்கள் இவர்களைச் சொன்னார்கள், மாலைக் கடையிலிருந்து பூச்சி வந்ததென்று. ‘எங்க அம்மா பக்கத்துல அந்த ஆளு வேண்டாம், பாத்திய மாத்துங்க’ என்று ஒருவர் மனுக் கொடுத்தார். செத்தும் தீராத சங்கதி அது.

முப்பத்தோராவது கிழங்கு எரிந்த வாரத்தில், வாசிப்பறையில் வேலை பார்க்கும் ரிஸ்வானா அவளைக் கூப்பிட்டாள். இருபத்திரண்டு வயதுப் பெண். சுவரில் தோட்டத்தின் வரைபடத்தை ஒட்டி, போன பாத்திகளுக்கெல்லாம் சிவப்புப் பொட்டு வைத்திருந்தாள்.

“இத ஒரு நிமிசம் பாருங்கக்கா. அசுவினி கொண்டுவந்தா எப்படி வரும்?”

“பக்கத்துப் பக்கத்துல வரும். ஒரு மூலையில ஆரம்பிச்சு அப்படியே படரும்.”

“இது படரல. தாண்டித் தாண்டி விழுது. பதினொண்ணு போச்சு, பத்தும் பன்னெண்டும் நல்லாருக்கு. பதினேழு போச்சு, பக்கத்துல ஒண்ணுமில்ல.” அவள் தயங்கினாள். “போன முப்பத்தொண்ணும் பல்லு பிரிச்சதுக்கா. பிரிக்காதது ஒண்ணுகூடப் போகல.”

அபிநயா வரைபடத்தைப் பார்த்தாள். ரிஸ்வானா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“பல்லு பிரிக்கிறது நீங்கதானக்கா? கையாலயா, கத்தியாலயா?”

“கெழங்கோட அடித்தட்டு கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வந்தாத்தான் சட்டுனு வேர் விடும். அதுக்குக் கத்திதான்.”

“ஒவ்வொண்ணுக்கும் கத்தியக் கொதிக்க வைப்பீங்களா?”

“தொடைப்பேன்.”

நித்திலனின் கத்தி அது. பேரி மரத்துக்கும் வெண்ணெய்ப்பழ மரத்துக்கும் ஒட்டுக் கட்டுவது அவன் தொழில். இரண்டு கையாலும் நாடா சுற்ற வேண்டியிருப்பதால் கத்தியை வாயில் கவ்விக்கொள்வான். பேரிக் கட்டையில் அவனே செதுக்கிய கைப்பிடி. அதில் அவன் கடித்த தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. முன்பக்கம் ஒரு பல் சற்று ஏறி நிற்கும் அவனுக்கு, அதுகூடத் தெரியும். இருபத்து மூன்று வயதில் இரத்தப் புற்றில் போன பிள்ளையின் உடம்பில் மிச்சமிருந்தது அந்தத் தடம் மட்டும்தான். வெந்நீரில் போட்டால் கட்டை ஊதித் தடம் மறைந்துவிடும். ப்ளீச்சில் தோய்த்தால் வெடித்துவிடும். அதனால் துணியால் துடைப்பாள்.

துடைத்தது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. யார் வீட்டுப் பல் பிரிப்பாக இருந்தாலும் அவள் முதலில் முதல் பாத்திக்குப் போவாள். மண்ணை விலக்கி, நித்திலனின் கிழங்கு ஓரத்தில் கத்தி நுனியால் சின்னதாக ஒரு கீறல் போடுவாள். அவன் தொட்டுக் கொடுத்ததாக ஒரு எண்ணம். அந்த ஈரத்தோடுதான் மற்றவர்களுடையதை அறுப்பாள். அவனை மட்டும் அவள் பல் பிரித்ததேயில்லை. அவனைக் கூறுபோட்டு யாருக்குக் கொடுப்பது? அவனிடமிருந்து ஒரு கீறல் மட்டும் எல்லார் வீட்டுக்கும் போயிற்று.

“நித்திலன் அண்ணனோடத எப்பக்கா சோதிச்சீங்க?”

“அவனுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கான். போய்ப் பாரு. தோட்டத்துலயே அவன் எலைதான் கரும்பச்சை.”

“கோடு விழாமலே வச்சிருக்கிற செடி உண்டுன்னு நீங்கதானக்கா எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க. தனக்கு ஒண்ணும் ஆகாது, மத்ததுக்குக் குடுத்துரும்னு.”

சொல்லித்தான் கொடுத்திருந்தாள். பண்ணைக் காலத்தில் தெரிந்துகொண்டது. இந்த எட்டு மாதத்தில் எல்லாப் பாத்தியையும் இரண்டு சுற்றுச் சோதித்தவள், வாசலிலேயே இருக்கும் பாத்தியைக் கடந்து கடந்து போயிருந்தாள். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வைத்திருந்தாள். இலை வீணாகும். பட்டை குறைவாக இருக்கிறது. அவன்தான் நன்றாக இருக்கிறானே.

அன்று மத்தியானம் பட்டையை நட்டுவைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் கோடு வந்தது. அத்தோடு நின்றுவிடும்போல் இருந்தது. பிறகு அதன் கீழே, தண்ணீரில் கரைந்த குங்குமம்போல, இரண்டாவதும் மெல்ல ஏறியது.

*

யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. பட்டையை அடுப்பில் போட்டுவிடலாம். கிழங்கை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சன்னலோரம் வைத்துக்கொண்டால் அது பாட்டுக்கு இருபது வருடம் இருக்கும். சுற்றிலும் வேறு லில்லி இல்லாதவரை யாருக்கும் கெடுதல் இல்லை. ரிஸ்வானா வாயைத் திறக்க மாட்டாள். இதையெல்லாம் அபிநயா ஒரு பகல் முழுக்க யோசித்தாள். யோசிக்கவேயில்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் கட்டிலுக்கடி வாளியிலிருந்து அவள் பிடுங்கிய கிழங்கு நினைவுக்கு வந்தது. கடிபட்ட மணிக்கட்டில் இன்னும் கறுப்பு போகவில்லை.

மறுநாள் ஓர் இலையை ரிஸ்வானாவிடம் கொடுத்தாள்.

அவன் பன்னிரண்டு நிமிடமும் அவளுக்கு மனப்பாடம். எழுந்து உட்கார முடியாத நிலை என்பதால் வீட்டுக்கே வந்துதான் பதிவு செய்தார்கள். முதல் நிமிடம் முழுக்க, “என்ன பேசுறது சார்? நெசமாவே எது வேணாப் பேசலாமா?” இரண்டில் பேரிக்கு ஒட்டுக் கட்டும் விதம். நாலில் பக்கத்து வீட்டு நாய்மேல் ஒரு புகார். ஆறில் அவள் வைக்கும் புளிக்குழம்பைக் கிண்டல் செய்வான். ஏழாவது காலி, ஒன்றும் பேசியிருக்க மாட்டான். ஒரே ஒருமுறை அதைப் போட்டு, பத்து விநாடி மூச்சுச் சத்தத்தைத் தாங்க முடியாமல் தள்ளிவிட்டிருந்தாள். மகனுக்குத் தன்னிடம் சொல்ல ஒரு நிமிடம் முழுக்க ஒன்றுமே இல்லாமல் போயிற்றே என்ற வருத்தம் அவளுக்கு உண்டு. எட்டாவது, “அம்மா, வந்துட்டியா? எதுல விட்டேன்?” என்று தொடங்கும். அந்த ‘அம்மா’வுக்காகத்தான் அவள் வருடத்துக்கு நாலு தடவை காத்திருப்பாள்.

“ஏழாவது போடவாக்கா? கடைசித் தடவ.”

“வேணாம். எட்டுக்குப் போ.”

கேட்டு முடித்துவிட்டு, பெனடிக்டை வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். வந்தவரிடம் பட்டையையும் கத்தியையும் மேசைமேல் வைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கீறல் போட்டதையும் சொன்னாள். அவர் கத்தியைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

“இது கடிச்ச தடமா?”

“ஆமாண்ணே.”

“இது போயிரும்னுதான் கொதிக்க வைக்கல.”

“ஆமா.”

“எத்தன பேரு?”

“முப்பத்தொண்ணு.”

ஆத்திரப்பட்டு அடித்திருந்தால் நன்றாயிருக்கும். அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், பேருந்தில் பணப்பை இருக்கிறதா என்று பார்க்கிறவரைப்போல. பிறகு சொன்னார், “மொதத் தடவ ஆண்டவன் கூட்டிட்டுப் போனான்னு மனசத் தேத்திக்கிட்டேன். ரெண்டாவது தடவைக்கு என்னத்தச் சொல்லித் தேத்திக்க? உம் மேல எனக்குக் கோவம் வரமாட்டேங்குது, அபிநயா. அதான் பயமா இருக்கு. இனிமே என் கண்ணு முன்னால வராத.”

நித்திலனை அவளே பெயர்த்தாள். மற்றவர்களைப்போலவே ஒரு சாண் மண்ணோடு, கறுப்புப் பையில். அந்த வருடமும் அவன் பூத்து முடிந்திருந்தான். கிழங்கின் வலுக் குறையாதிருக்கவும் ஒன்றோடொன்று கலந்துவிடாதிருக்கவும் தோட்டத்தில் எல்லாச் செடியிலும் மொட்டிலேயே கிள்ளிவிடுவது விதி. அவள்தான் கிள்ளுவாள். அவனுடையதில் மட்டும் வருடத்துக்கு ஒன்றை விட்டுவிடுவாள். அதுவும் அவள் செய்த தப்புகளில் ஒன்று.

அதே வெங்காய வாசனை.

சாயங்காலம் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்துக் கத்தியை உள்ளே போட்டாள். இனி எதற்கென்று தெரியாது, ஆனாலும் போட்டாள். எடுத்தபோது கைப்பிடி பருத்து, நடுவில் பிளந்திருந்தது. தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது.

*

மூன்று வருடம் ஆயிற்று. தோட்டத்தில் மிஞ்சிய முப்பத்திரண்டில் பதினெட்டு அசுவினியாலும் பனியாலும் போயின. பொறுப்பு வேறொருவர் கைக்குப் போயிற்று. அபிநயா பக்கத்து ஊரில் கேரட் கழுவும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நாள் முழுக்கக் கை தண்ணீரில் இருக்கும், அது அவளுக்குத் தேவையாக இருந்தது. சந்தையில் அவளைக் கண்டால் சிலர் பாதை மாறிப் போவார்கள். வாளிக்காரப் பெண் மட்டும் ஒருமுறை நேரே வந்து, “எங்கப்பா கெழங்குல கோடு இல்லவே இல்லன்னு நா கெஞ்சினேன், ஞாபகம் இருக்கா?” என்று கேட்டாள். அபிநயாவுக்கு ஞாபகம் இருந்தது. பட்டை இரண்டு கோடு காட்டியது, எடுத்தாள். பட்டை சரியாகத்தான் சொன்னது. அதில் ஒரு ஆறுதலும் இல்லை.

ஒரு மதியம் ரிஸ்வானா கேரட் பட்டறைக்கு வந்து நின்றாள்.

“பெனடிக்ட் ஐயா உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாருக்கா.”

“கண்ணு முன்னால வரக்கூடாதுன்னாரே.”

“இப்ப வரச் சொல்றாரு.”

அவர் வீடு தோட்டத்திலிருந்து நாலு மைல் தள்ளி, பைன் காட்டு ஓரம். சன்னலோரம் கொசுவலைக்குள் ஒரு தொட்டி. அதில் ஒரு முழ உயரத்துக்கு மெல்லிய தண்டு, ஏழெட்டு இலைகள். அபிநயா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மூன்று வருடத்தில் அவள் லில்லி பக்கமே போகவில்லை. கைகள் தானாக முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன.

“உள்ள வா,” என்றார் பெனடிக்ட். இளைத்திருந்தார். “நீ மொட்டக் கிள்ளிட்டு வர்றப்ப நா ஒண்ண எலைக்குப் பின்னால மடக்கி வச்சேன். அவளுக்குப் பூன்னா உசுரு. ஒரே ஒரு பூ பூக்கட்டுமேன்னு. அது காயாயிருச்சு. நீ மண்வெட்டி எடுக்கப் போனப்ப பறிச்சுப் பையில போட்டுக்கிட்டேன்.”

அன்று அவள் கண்ணாடி என்று நினைத்தது அதைத்தான்.

“பொதைச்சதுல மூணு மொளைச்சுது. ரெண்டு மழையில அழுகிருச்சு. இது நின்னுருச்சு.”

“வைரஸ் விதைக்குள்ள போகாதுக்கா,” என்றாள் ரிஸ்வானா. “நாலு தடவ சோதிச்சுட்டேன். ஒரே கோடுதான். ஆனா விதைன்னா பாதிதான் தாயோடது. ஜோடியில ஒண்ணு தாய்கிட்டருந்து, ஒண்ணு மகரந்தம் குடுத்ததுகிட்டருந்து. ரெஜினாம்மாவோட பன்னெண்டுல அஞ்சு நிமிசம் வந்திருக்கு. கலப்புச் செடி வச்சிருக்கிறதே குத்தம், யார்கிட்டயும் சொல்லிராதீங்க.” அவள் குரல் தாழ்ந்தது. “மகரந்தம் யாருதுன்னு யோசிச்சேன். தோட்டத்துல எல்லா மொட்டயும் நீங்க கிள்ளிட்டீங்க. ஒண்ணத் தவிர.”

அபிநயாவுக்குக் காதுக்குள் தண்ணீர் புகுந்ததுபோல இருந்தது.

“நித்திலன் அண்ணனோடதும் அஞ்சாறு விழுந்திருக்கணும்கா. கலைச்சுப் போட்ட சீட்டு மாதிரிதான இது. ஒண்ணே ஒண்ணுதான் விழுந்திருக்கு.”

“எது?”

ரிஸ்வானாவின் முகத்தைப் பார்த்ததுமே அபிநயாவுக்குத் தெரிந்துவிட்டது.

“அந்த ஏழாவதுல ரெஜினாம்மாவோடதும் இருக்கு. ஜோடியில ரெண்டுலயும் ஆளுக்கொண்ணு. பிரிக்க முடியாது, ஒண்ணாத்தான் பேசும்.” பழைய கைவாசிப்பானை அவள் மேசைமேல் வைத்தாள். காலையிலேயே இலை போட்டிருந்தாள். அது முனகி ஓய்ந்திருந்தது. “ஒரு தடவதான். அழிஞ்சிரும்.”

காதில் மாட்டுவதை பெனடிக்ட் நீட்டினார். அபிநயா பின்னாலிருந்து கையை எடுக்கவில்லை.

“தொட மாட்டேண்ணே.”

அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு ஒன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டு, மற்றதை, குழந்தைக்குத் தோடு மாட்டுவதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்து, அவள் காதில் தாமே வைத்தார்.

“...கூரைத் தகரத்துல எல சேந்துச்சுன்னா தண்ணி உள்ள வரும்,” ரெஜினா பேசிக்கொண்டிருந்தாள். செத்தும் குறையாத அதிகாரம். “நீங்க ஏணி வைக்காதீங்க, ஆளக் கூப்பிடுங்க. முட்டி சரியில்ல உங்களுக்கு. நாய்க்குச் சோறு வைக்கிறேன்னு நீங்க பட்டினி கெடக்காதீங்க. கேக்குறீங்களா?”

“கேக்குறேண்டி,” என்றார் பெனடிக்ட்.

அவள் பேச்சுக்குப் பின்னால் மூச்சு ஓடியது. இழுத்து, கொஞ்சம் நின்று, விடுகிற மூச்சு. அபிநயா இந்தத் தடவை தள்ளச் சொல்லவில்லை, தள்ள முடியாது. ரெஜினா பச்சை டப்பா எங்கே இருக்கிறதென்று சொன்னாள். மூச்சு ஓடியது. தூரத்தில் ஒரு குக்கர் விசில் அடித்தது.

அபிநயா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் வீட்டுக் குக்கர். அதன் விசில் முடிவில் இளைத்துப்போய் நிற்கும். இரண்டாவது விசில். மூன்றாவது. பிறகு அடுப்புத் திருகு ‘டக்’கென்று ஒலித்தது. பிறகு ரப்பர் செருப்பின் சத்தம், சிமென்ட் தரையில் இழுத்து இழுத்து, அடுப்படியிலிருந்து அறையை நோக்கி. அவள் நடை. மூச்சு ஒரு கணம் நின்றது, பேச வாயெடுக்கிறவனுக்கு நிற்பதுபோல.

அங்கே ஏழாவது நிமிடம் முடிந்தது. ரெஜினா மட்டும், இந்தச் செடிக்கு வராத எட்டாவதைத் தாண்டி, ஒன்பதாவதுக்குப் போனாள்.

பெனடிக்ட் மிச்சத்தையும் கேட்டு முடித்தார். கருவி சின்னதாக ஒரு மணியடித்து அழித்துவிட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அபிநயாவைப் பார்த்தார்.

“உம் பையன் ஒண்ணுமே பேசலியே, தாயி.”

“பேசலண்ணே,” என்றாள். “நா அடுப்ப அணைக்கப் போயிருந்தேன். வரட்டும்னு இருந்திருக்கான்.”

அவர் அவள் காதிலிருந்ததை எடுத்தார். சன்னலோரம் தொட்டியில் நகத்தளவு வெட்டிய இலையின் நுனி காய்ந்திருந்தது. அதைப் பார்க்கக் குனிந்தவள், கைகளைப் பின்னாலேயே இறுகக் கோத்துக்கொண்டு, மூச்சுகூடப் படாத தூரத்தில் நின்றாள்.